கரிக்கணக்கு

காரைக்குடி, கல்லூரிச் சாலைக்குத் தெற்கே
நாற்பது சென்ட்.
அதில் நான்கு மாடி, நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி.
எங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளின் பில்களை
இரவும் பகலும் சரிபார்க்கும் கம்பெனி.
மரத்திலேயே கட்டிவிடலாம் என்றேன்.
முதலாளி சாத்தப்பன் கேட்டது ஒரே சொல்:
"கறையான்?"

பதில் கையில் இருந்தது.
பலகைமேல் குறுக்கே பலகை, அதன்மேல் நெடுக்கே பலகை,
பசையிட்டு, அழுத்தி, மருந்தூட்டி,
அடியில் கருங்கல் பீடம், நடுவே எஃகு வலை.
சொல்லிவிட்டு வந்து
மனையில் இருந்த புற்றுகளை
ஒருமுறை தனியாக எண்ணிப் பார்த்தேன்.
ஏழு.

தீயணைப்பு அதிகாரி இருளாண்டி
காகிதத்தை நம்புகிறவர் இல்லை.
"எரிச்சுக் காட்டுங்கம்மா."
நிலையத்தின் பின்புறம், பழைய டயர்களைத் தள்ளிவிட்டு,
ஒரு முழ கனத்து உத்தரத்தை
ஒரு மணி நேரம் எரித்தோம்.
ஆறியதும் உளியால் சுரண்டினேன்.
இரண்டு விரல் கரி.
அதற்கு உள்ளே
நேற்று அறுத்ததுபோல் வெளிறிய மரம்,
சுமையைக் கீழே போடாமல்.
அவர் விரலில் ஒட்டியதைக் காக்கியில் துடைக்கவில்லை,
கோப்பின் ஓரத்தில் தேய்த்தார்.
கையெழுத்து அதற்குப் பிறகுதான் வந்தது.

மரம் எங்கிருந்து?
கப்பலில் வந்தால் கரிக்கணக்கு கெட்டுவிடும்.
திருமயம் பக்கம் போனால்
வரிசை வரிசையாய்த் தைலமரம்.
லாரிக்கு அரைமணி நேரம்.
சிமெண்டைக் கழித்து, கம்பியைக் கழித்து,
மரத்துக்குள் அடைபட்ட காற்றைக் கூட்டினால்
எக்செல் பச்சை காட்டியது.

அளக்கப் போன அன்று
கண்மாய்க்குள் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.
மடையை முதுகில் வைத்து
ஃபீல்டிங் நின்ற பையன்
என் டேப்பையே பார்த்தான்.
"நல்லா அளங்கக்கா.
அது எங்க தண்ணிதான்,
நட்டமா நிக்குது."
பந்து வந்தது. ஓடிவிட்டான்.

என் அட்டவணையில்
கனத்துக்கு ஒரு கட்டம், தூரத்துக்கு ஒன்று,
கரிக்கு மட்டும் நான்கு.
தண்ணீருக்கு இல்லை.
சேர்த்தேன். தலைப்பும் இட்டேன்.
கீழே போட எனக்கு எண் கிடைக்கவில்லை.

பணியாளர் நலம் என்ற பக்கத்தில்
வடக்கு வெளிச்சம், தொங்கும் செடி,
கை வைத்தால் குளிராத மரச்சுவர்
எல்லாம் வரைந்து எடுத்துப் போனேன்.
இரவு ஷிப்ட் சகாயசெல்வி
படத்தை மரியாதையாகத் திருப்பித் தந்தாள்.
"தொறக்கிற ஜன்னல் ஒண்ணு போதும் மேடம்.
ரெண்டு மணிக்கு ஒரு பில் வரும்.
வயசு நாலுன்னு இருக்கும்.
எல்லா மருந்தும் இருக்கும், பதினெட்டு நாள்.
டிஸ்சார்ஜ் மட்டும் இருக்காது.
அப்ப கொஞ்சம் எந்திரிச்சு நிக்கணும்.
கேமரா பாக்காத எடத்துல."

மூன்றாம் மாடி, கிழக்கு மூலை.
இரண்டு தூணுக்கு நடுவே
நாலடிக்கு நாலடி.
ஒரு ஜன்னல். கொக்கி உள்பக்கம்.
"இதுல ரெண்டு நாற்காலி போடலாமே"
சாத்தப்பனின் பேனா அங்கேதான் வந்து நின்றது.
மரம் சுருங்கி விரிய விட்ட இடைவெளி, என்றேன்.
பொய்.
முழுக்கவும் இல்லை.

எரித்த துண்டு என் மேசையில் கிடக்கிறது,
காகிதம் பறக்காமலிருக்க.
பழந்தமிழில் கரி என்றால் சாட்சியும்தான்.
இருளாண்டிக்கு அது சாட்சி சொல்லிவிட்டது.
மற்றதற்கு வாய் திறக்கக் காணோம்.
தைலமரத்தில் பாதியைக் குறைத்து
சவுக்கு எழுதிப் பார்த்தேன்.
அதுவும் குடிக்கும்.
எவ்வளவு என்று கேட்க
ஒருவனைத்தான் தெரியும்.
பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டெண்டர்.
ஞாயிற்றுக்கிழமை
மேட்ச் இருக்குமா, தெரியவில்லை.